ஜெபசிங் விட்டுக்கொடுத்த சீட்டு

பையைத்தானே பார்க்கறீங்க? ஆமாங்கண்ணா, பைலட்டுதான். சட்டையை மாத்திட்டேன், பேன்ட்டும் ஷூவும் மாத்த நேரமில்லை. விமானம் ஓட்டறவன் எதுக்கு சேர் கார்ல உட்கார்ந்து கோயமுத்தூர் போறான்னு யோசிக்கறீங்க. யோசிக்க வேண்டியதுதான். ஒரு மணி நேரத்துல போய் இறங்க வேண்டிய ஊருக்கு ராத்திரி வரைக்கும் ரயில். டிக்கெட் பரிசோதகரும் என் ஷூவை ஒரு தடவை, மூஞ்சியை ஒரு தடவை பார்த்துட்டுப் போனார்.

உட்காருங்க, உட்காருங்க. அந்தப் பக்கம் வெயில் அடிக்குதுன்னா இங்கேயே இருங்க. இந்த சீட்டுக்காரர் வந்தா பார்த்துக்கலாம். திருப்பூரா? நூல் மில்லுல கணக்கு. நல்லதுங்க. உங்க வேலையில மேலே இருக்கறவர் கீழே இருக்கறவர்னு உண்டா? இருக்கும். ஆனா எங்களுது மாதிரி இருக்காது.

எங்களுக்கு சீனியாரிட்டி நம்பர்னு ஒண்ணு உண்டு. கம்பெனியில எந்தத் தேதியில சேர்ந்தோமோ அதை வெச்சு ஒரு நம்பர். அதுதான் ஜாதகம். யாருக்குப் பொங்கலுக்கு லீவு, யாருக்கு விடியக்காலை ட்யூட்டி, யாரு கேப்டன் ஆகறது, எல்லாம் அந்த நம்பர்தான். திறமை வேணும், இல்லைன்னு சொல்லலை. ஆனா திறமை இருந்து நம்பர் இல்லைன்னா காத்திருக்கணும். மேலே ஒருத்தர் ரிட்டையர் ஆனாத்தான் கீழே இருக்கற அத்தனை பேரும் ஒரு படி ஏறுவாங்க. எங்க ஆளுங்க ரிட்டையர்மென்ட் பார்ட்டிக்கு வந்து பாருங்க. கேக் வெட்டறப்போ கை வலிக்கத் தட்டறவன் யாருன்னா, இருக்கறதுலயே சின்னவன். ஒரு கேப்டனுக்கு மெடிக்கல்ல இதயத்துல கோளாறுன்னு சொல்லிட்டாங்கன்னு வைங்க. ஆப்பிள் வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவாங்க, கண்ணுல நிஜமாவே தண்ணி நிக்கும். லிஃப்ட்ல இறங்கறப்போ, நம்ம நம்பர் இப்ப என்னன்னு மனசு தானா ஒரு கணக்குப் போட்டுக்கும். யாரையும் குறை சொல்லலைங்க. நானும் போட்டிருக்கேன்.

என் நம்பர் அடியில இருக்கு. வயசு நாற்பத்தெட்டு. நான் மொதல்ல இதே கம்பெனியிலதான் சேர்ந்தேன். அப்புறம் வளைகுடாவுக்குப் போயிட்டேன். அங்கே கேப்டன். இடது பக்க சீட்டு. காக்பிட்ல இடது சீட்டு கேப்டனுக்கு, வலது சீட்டு துணை பைலட்டுக்கு. அங்கே என்னை 'கேப்டன் நாச்'னு கூப்பிடுவாங்க. நாச்சிமுத்துன்னு எந்த வெள்ளைக்காரன் வாயிலயும் வராது. வருஷா வருஷம் மேடையேறி, நாமெல்லாம் ஒரே குடும்பம்னு சொன்னாங்க. நானும் நம்பினேன். கொரோனா வந்துச்சு. ஒரே ஒரு மெயில். குடும்பத்தை விட்டு வெளியே.

திரும்பி வந்தேன். பழைய கம்பெனியே எடுத்துக்கிச்சு. ஆனா சேர்ந்த தேதி புதுசு. புதுத் தேதின்னா புது நம்பர், புது நம்பர்னா வலது சீட்டு. நான் இங்கே ஓட்டிட்டிருந்தப்போ காலேஜ் கேன்டீன்ல உட்கார்ந்திருந்த பையன் இன்னிக்கு எனக்கு இடது பக்கம் உட்கார்றான். நான் அவனை சார்னு கூப்பிடறேன். அவனும் என்னை சார்னு கூப்பிடறான். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சார் சொல்லிக்கிட்டே டெல்லி வரைக்கும் போவோம்.

என்னை மறுபடி உள்ளே எடுத்தது ஜெபசிங் பேசினதாலதான்னு சொல்லுவாங்க. எங்க சங்கத்துச் செயலாளர். நாகர்கோவில்காரன். ஆரம்பத்துல நாங்க ஒரே பேட்ச், மீனம்பாக்கத்துல ஒரே ரூம்ல கிடந்தோம். அவன் கம்பெனியை விட்டு எங்கேயும் போகலை. இன்னிக்கு பெரிய கேப்டன், நல்ல நம்பர். பேசினானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. பேசி வாங்கிக் கொடுத்தது கடைசி நம்பர்தானேன்னுதான் நான் கேட்பேன்.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். சங்கமும் கம்பெனியும் சேர்ந்து புது ஒப்பந்தம் போட்டிருக்காங்க. நாங்க ஓட்டுப் போட்டு ஏத்துக்கணும், இல்லைன்னா தள்ளணும். மூணு நாளா ஓட்டு நடக்குது, போன்லயே போடலாம். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணியோட முடியுது. இழுபறின்னு சொல்றாங்க. ஒரு ஓட்டுலகூட கவிழலாமாம். இல்லைங்க, நான் இன்னும் போடலை. கடைசி நேரத்துல எதையாவது மாத்துவாங்க, முன்கூட்டிப் போட்டவன் ஏமாந்துடுவான். ஆறுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்போ போடறதுதான் புத்திசாலித்தனம்.

சம்பளம் ஏறுது. எல்லாருக்கும் ஏறுது, நல்லாவே ஏறுது. அதுல எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை பதினாலாவது பிரிவு. அதுல என்ன சொல்லியிருக்குன்னா, வேலையை விட்டுப் போய்த் திரும்பி வந்தவங்களுக்கு, முன்னாடி இங்கே வேலை பார்த்த வருஷத்துல பாதியைச் சேர்த்துக்கணும். அதன்படி சீனியாரிட்டி நம்பரை மாத்திக் கொடுக்கணும்.

அந்த மாதிரி ஆளுங்க எத்தனை பேர்னு நினைக்கறீங்க? விரல் விட்டு எண்ணிடலாம். அதுல நான் ஒருத்தன். அந்தப் பிரிவு வந்தா நான் இந்த வருஷமே இடது சீட்டு. வரலைன்னா அம்பது தாண்டி, முடியெல்லாம் கொட்டி, அப்பவும் நிச்சயம் கிடையாது.

சிரிக்கறீங்க. நல்லதுதானேன்னு கேட்கறீங்க. சுகந்தியும் அதையேதான் கேட்டா. என் சம்சாரம். "உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்குதுங்க"ன்னா. அதைத்தாங்க நானும் சொல்றேன்! எனக்குன்னே எதுக்கு எழுதணும்? எங்களை மாதிரி நாலு பேருக்காக, எங்களுக்கு மேலே இருக்கற இளவட்டம் மொத்தத்தையும் எவனாவது பகைச்சுக்குவானா? பகைச்சுக்கிட்டான். வாட்ஸப் குரூப்ல ஜெபசிங்கைப் பசங்க கிழிகிழின்னு கிழிச்சாங்க. துரோகின்னான் ஒருத்தன். சினேகிதனுக்கு சீட்டுப் பிடிச்சுக் கொடுக்கற கண்டக்டர்னு இன்னொருத்தன். அடுத்த சங்கத் தேர்தல்ல இவன் ஜெயிக்கறது கஷ்டம். இதையெல்லாம் வாங்கிக்கட்டிட்டு ஒருத்தன் கம்முன்னு இருக்கான்னா அதுக்கு என்னங்க அர்த்தம்? பின்னாடி பெருசா ஏதோ இருக்கு. அவ்வளவுதான் அர்த்தம்.

எங்க வேலையில மொதல்ல சொல்லித்தர்றது சந்தேகப்படத்தான். குழாய்ல வர்ற காத்தை வெச்சு விமானத்தோட வேகத்தைக் காட்ட ஒரு கருவி போதாது, தனித்தனியா மூணு இருக்கும். ஒண்ணு சொல்றதை இன்னொண்ணோட ஒப்பிட்டுப் பார்க்கணும். அதே மாதிரி நானும் மூணு பேர்கிட்ட கேட்டேன். சுகந்திகிட்ட கேட்டேன், நல்லதுன்னா. கோர்ட்ல இருக்கற என் மச்சான்கிட்ட காட்டினேன், வரி வரியா படிச்சுட்டு, "மாப்ள, இதுல ஒரு ஓட்டையும் இல்லை, பேசாம போட்டுடுங்க"ன்னார். என்னை மாதிரியே திரும்பி வந்த குருவில்லான்னு ஒரு மலையாளி, அவர் மொதல் நாளே ஆதரிச்சுப் போட்டுட்டாராம். ஆக, மூணும் ஒரே மாதிரி காட்டுது. நீங்கன்னா நம்பிடுவீங்க. நான் நம்பமாட்டேன். மூணு கருவியும் அச்சு அசலா ஒரே மாதிரி காட்டினா, மூணுக்கும் காத்து வர்ற குழாய் ஒண்ணுதானோன்னு பார்க்கணும். இந்த மூணு பேருக்கும் சொல்லிக்கொடுத்தது ஒரே ஆளா இருந்தா? சுகந்திகிட்ட ஜெபசிங் சம்சாரம் வாரத்துக்கு ஒரு தடவையாவது பேசுது. அதை நான் சும்மா விட்டுட முடியுங்களா?

அவன்கிட்டயே நேரா கேட்டிருக்கலாம்னுதானே சொல்ல வர்றீங்க? கேட்டேங்க. அதையும் சொல்லிடறேன்.

போன வாரம் விசாகப்பட்டினத்துலேர்ந்து சென்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வந்தோம். அவன் இடது, நான் வலது. போறப்பவும் வர்றப்பவும் ஊர்க்கதையெல்லாம் பேசினோம். சம்யு பத்தி, அதான் என் மக, பதினொண்ணு படிக்கறா, அவளைப் பத்தி. அவன் மாமனாரோட கண் ஆபரேஷன் பத்தி. நான் இதை மட்டும் கேட்கலை. சமயம் பார்த்துட்டிருந்தேன். இறங்க ஆரம்பிச்சாச்சு. பதினோராயிரம் அடி, வெளியே மேகம். அப்பக் கேட்டேன்.

"ஜெபா, பதினாலாவது பிரிவை யாரு எழுதினது?"

அவன் என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதுக்குள்ள உயரம் பத்தாயிரம் அடிக்கு வந்துடுச்சு. அவன் ஒரு விரலைத் தூக்கி உயரம் காட்டற கருவியைக் காட்டினான். "பத்தாயிரம் லே"ன்னான். அப்புறம் வாயைத் திறக்கலை.

ஒரு விதி இருக்குங்க. பத்தாயிரம் அடிக்குக் கீழே வந்துட்டா காக்பிட்ல வேலைப் பேச்சு தவிர வேற பேச்சு கூடாது. நல்ல விதி. நான் அதை மீறினதே இல்லை. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, பதினோராயிரத்துலேர்ந்து பத்தாயிரம் வரைக்கும் அவனுக்கு நேரம் இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேள்விக்கு பதில் தெரிஞ்சவன் டக்குன்னு சொல்லிடுவான். விதியைப் பிடிச்சுத் தொங்கறவன் யாரு? என்ன, நான்தான் நேரங்கெட்ட நேரத்துல கேட்டேனா? அது வேற விஷயம்.

இறங்கி, விமானத்தை நிறுத்தி, எல்லாத்தையும் அணைச்சப்புறம் பெல்ட்டைக் கழட்டிக்கிட்டே சொல்றான், "வாலே நாச்சி, ஒரு காப்பி குடிச்சிட்டே பேசுவோம். நீ கேட்டதுக்குப் பெரிய கதை இருக்கு."

நான் போகலை. எப்படிப் போறது? நடுவுல அவனுக்கு முழுசா யோசிக்க நேரம் கிடைச்சுடுச்சே. இனிமே சொல்றது பதில் இல்லை, தயார் பண்ணின பதில். கதைன்னு அவனே சொல்லிட்டான். "இல்லைடா, தலைவலி"ன்னுட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு தடவை கூப்பிட்டான். எடுக்கலை.

ஆம்பூர் தாண்டிட்டமா? பிரியாணி வாசம் வரலையே. ஜன்னல் கண்ணாடி மூடியிருக்கு, அதான்.

சரி, இன்னிக்குக் காலையில நடந்ததுக்கு வர்றேன். சம்யுவுக்கு இன்னிக்கு சாயங்காலம் பள்ளிக்கூடத்துல விவாதப் போட்டி, இறுதிச் சுற்று. தெருநாய்களை ஊரை விட்டு அனுப்பணுமா வேண்டாமான்னு தலைப்பு. இவ நாய்க் கட்சி. ஒரு மாசமா வீட்ல நாய்ப் பேச்சுதான். "அப்பா, நீங்க மொத வரிசையில உட்காரணும். உங்களைப் பார்த்தாத்தான் எனக்கு வரும்"னு சொல்லியிருந்தா. எனக்குக் காலையில ஒரே ட்யூட்டி, முடிச்சுட்டு மத்தியான விமானத்துல ஊருக்குப் போறதா திட்டம்.

நாங்க ஊருக்குப் போறதுன்னா ஸ்டாண்ட்பை. டிக்கெட் வாங்கின பயணிங்க எல்லாரும் ஏறினப்புறம் காலி சீட்டு இருந்தா எங்களுக்கு. அதுவும் யாருக்கு மொதல்ல? நம்பர்படி. கவுன்ட்டர்ல போய் நிக்கறேன், அந்தப் பொண்ணு சொல்லுது, "ஒரே ஒரு சீட்டுதான் சார் இருக்கு, கேப்டன் ஜெபசிங் பேர் மேலே இருக்கு." காக்பிட்ல ஒரு மடக்கு சீட்டு உண்டு, அது ஒரு அதிகாரிக்குப் போயிடுச்சு. திரும்பினா ஜெபசிங் நிக்கறான். மாமனாரைப் பார்க்கப் போறானாம். அவரும் கோயமுத்தூர்தான்.

என்னைப் பார்த்ததும் அந்தப் பொண்ணுகிட்ட, "என் பேரை எடுத்துட்டு இவன் பேரைப் போடும்மா"ன்னான். "நான் அடுத்ததுல வந்துக்கிடுதேன். ஏலே, புள்ளை பேசுறதைக் கேக்கணும்லா நீ. ஓடு."

சம்யு பேசறது இவனுக்கு எப்படித் தெரியும்? அதுதான் எனக்கு மொதல்ல இடிச்சுது. அப்புறம், விசாகப்பட்டினம் போறப்போ நானே சொல்லியிருக்கலாம். சரி, அதை விடுங்க. ஓட்டு முடியற நாள் அன்னிக்கு, ஓட்டுப் போடாத ஒருத்தனுக்கு, சங்கச் செயலாளர் தன் சீட்டை விட்டுக்கொடுக்கறான். நீங்களே சொல்லுங்க. விமானத்துல ஏறினா போனை அணைக்கணும். ரெண்டு மணிக்கே இறங்கிடலாமே, ஓட்டு ஆறு வரைக்கும் இருக்கேன்னு கேட்பீங்க. விமானம் தாமதமாகாதா? மேகம்னு சொல்லி வேற ஊருக்குத் திருப்பிவிட மாட்டாங்களா? நான் அங்கேயே வேலை பார்க்கறவன், எனக்குத் தெரியாதா? அதெல்லாம் நடக்கலைன்னே வைங்க. சீட்டை வாங்கிட்டா வாங்கினதாகிடும். அவன் கொடுத்த சீட்டுல உட்கார்ந்துட்டுப் போய் அவனுக்கு எதிரா எப்படி ஓட்டுப் போடறது? கை வருங்களா?

"வேண்டாம்டா, நான் ரயில்ல போயிக்கறேன்"னேன்.

"ரயில்லயா? கிறுக்கு புடிச்சிருக்கா லே? போட்டி முடிஞ்சு புள்ளை தூங்குத நேரத்துக்குத்தான் போய்ச் சேருவ."

"எனக்கு ரயில் பிடிக்கும்"னேன். வேற என்ன சொல்ல? மெட்ரோவைப் பிடிச்சு சென்ட்ரல் வந்து இந்த வண்டியில ஏறிட்டேன். சம்யுவுக்கு போன் பண்ணி, சீட்டு கிடைக்கலை கண்ணுன்னு சொன்னேன். பொய் இல்லைங்க. எனக்குன்னு கிடைக்கலைதானே. "பரவால்லப்பா"ன்னா. அந்தப் பரவால்லை எப்படின்னு பொண்ணு பெத்தவங்களுக்குத் தெரியும்.

முறுக்கா? இல்லீங்க, வேண்டாம். நன்றி. வெளியில யாராவது கொடுத்தா நான் சாப்பிடறதில்லை. உங்களைச் சொல்லலை, பொதுவா.

கொஞ்சம் இருங்க, போன். சம்யுதான். ம், சொல்லு கண்ணு. ரயில்லதான் இருக்கேன். என்னது? யாரு வந்திருக்காங்க? எங்கே உட்கார்ந்திருக்காரு? சரி. சரி கண்ணு. பயப்படாம பேசு. வெச்சிடறேன்.

கேட்டீங்களா? பள்ளிக்கூடத்துக்கே போயிட்டான்! ஜெபா அங்கிள் வந்திருக்காங்கப்பாங்கறா. நான் வேண்டாம்னு சொன்ன அந்த சீட்டுலயே ஏறிப் போய், மாமனாரைப் பார்த்துட்டு, நேரா என் மக பள்ளிக்கூடம். மொத வரிசையில எனக்குப் போட்டு வெச்சிருந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கானாம். பக்கத்துல சுகந்தி. சம்யு பேசறதை போன்ல நேரடியா எனக்குக் காட்டப் போறானாம். புள்ளை குரல்ல அப்படி ஒரு சந்தோஷம். என் வீடு வரைக்கும் வந்துட்டாங்க, பார்த்தீங்களா. என் நாற்காலி வரைக்கும்.

மணி என்ன உங்களுக்கு? எனக்கும் அதேதான். ஓட்டுப் பக்கத்தைத் திறந்து வெச்சுக்கறேன். இதோ, பாருங்க. ஆதரிக்கிறேன், எதிர்க்கிறேன். ரெண்டே கட்டம். என் இடது சீட்டு இந்த மேல் கட்டத்துக்குள்ள இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் மனுஷன்தாங்க. ஆசை இல்லாம இல்லை. ராத்திரியில சில நாள், தூக்கத்துல இடது கையால த்ராட்டிலை, அதான் என்ஜின் பிடியை, தேடறேன். இடது சீட்டுல உட்கார்ந்தா அது வலது கைக்குத்தான் வரணும். வலது சீட்டுல உட்கார்ந்து உட்கார்ந்து கை மாறிப்போச்சு. இந்தக் கையை மறுபடி மாத்திக் கொடுக்கறேன்னு ஒருத்தன் சும்மா வந்து சொன்னா எப்படி நம்பறது? வளைகுடாவுலயும் இப்படித்தான் கையைப் பிடிச்சாங்க.

வந்துடுச்சு பாருங்க. வீடியோ கால். ஜெபசிங். சரியா இந்த நேரத்துக்கு! ஆறு அடிக்கப் போகுது, நான் விரலை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், இப்ப வருது. இதை எடுத்தா ஓட்டுப் பக்கம் மூடிக்கும். எடுத்துப் பேசி முடிக்கறதுக்குள்ள ஆறு தாண்டிடும். என்ன திட்டம், என்ன திட்டம்! தெரியுதுங்க, சம்யு பேசற நேரம்தான். அவ பேசற நேரத்துக்கு ஓட்டு முடியற நேரத்தை வெச்சாங்களா, ஓட்டு முடியற நேரத்துக்கு அவ பேசறாளா, யாரு கண்டா?

கட் பண்ணிட்டேன்.

மறுபடி அடிக்கறான். கட்.

போட்டாச்சு. கீழ்க் கட்டம். எதிர்க்கிறேன். உங்கள் வாக்கு பதிவாகிவிட்டதுன்னு வந்துடுச்சு, நன்றின்னும் போட்டிருக்கு. மணி ஆறு. நிம்மதிங்க. எவ்வளவோ நாளைக்கப்புறம் நெஞ்சுல இருந்த பாரமெல்லாம் இறங்கின மாதிரி இருக்கு.

பாருங்க, திரும்பவும் அவன்தான். இப்ப எடுக்கலாம், இனி என்ன பண்ண முடியும்? ஜெபா, சொல்றா.

பார்த்தேன். ஆமா, பார்த்தேன். நல்லாப் பேசினா. சிக்னல் இல்லாம ரெண்டு தடவை கட்டாயிடுச்சு, ஆனா கடைசியைப் பார்த்தேன். சரிடா. வர்றேன். வெச்சிடறேன்.

ஒரே கைதட்டல், ஒண்ணும் கேட்கலை. அவ பேசி முடிச்சு இறங்கிட்டா. ஸ்க்ரீன்ல கைகள்தான் தெரிஞ்சுது, அவன் கண்ணைத் துடைச்சுக்கற மாதிரி இருந்துச்சு. "பாத்தியா லே, பாத்தியா லே"ன்னு அதையேதான் கேட்டான். பார்த்தேன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? ஓட்டுப் போட்டியா, எந்தப் பக்கம் போட்டேன்னு ஒரு வார்த்தை கேட்கலைங்க. சங்கத்துச் செயலாளர், ஆறு மணிக்கு, இழுபறியில இருக்கற ஓட்டு. கேட்கலை. அதுதான் எனக்கு ரொம்ப இடிக்குது. கேட்கறதைவிட கேட்காம இருக்கறதுலதான் விஷயமே இருக்கு.

ஏன் பேசாம இருக்கீங்க? இவ்வளவு நேரமா நான்தான் பேசிட்டு வர்றேன். கேட்டுக்கிட்டே இருந்தீங்க, ஒண்ணும் சொல்லலை. உங்க சீட்டு அந்தப் பக்கம்தானே? வெயில்னு சொல்லி இங்கே வந்தீங்க. இப்ப வெயில் இந்தப் பக்கம்தான் அடிக்குது, உங்க மூஞ்சி மேலேயே. அந்தப் பக்கம் நிழலா இருக்கு. அப்புறமும் எந்திரிச்சுப் போகலை.

ஜோலார்பேட்டையில வண்டி திரும்பிடுச்சா?

திரும்பியிருக்கலாம். நான் பைலட்டுங்க, திசை எனக்குத் தெரியாதா. அதை விடுங்க. திருப்பூர்ல எந்த மில்லுன்னு சொன்னீங்க?